கொம்புப் புழுவும் ஒரு பால் டின்னும்

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டு, எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்ட மறு வருஷம் அது. அதற்கு முன்னால் ஆற்றோரத்தில் எங்கள் எல்லாருக்கும் காய்கறிக் கொல்லைகள் இருந்தன. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்தவர்களுக்கு அதிலிருந்து சாப்பாடு போய்விடும் என்று ஒரே நாளில் சிப்பாய்கள் வந்து மரவள்ளி, வாழை, கத்தரி எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் துரை மனம் இரங்கி, வேலிக்கு உள்ளேயே ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் ஒரு துண்டு நிலத்தைக் கொத்திக்கொள்ளச் சொன்னார்.

என் துண்டும் பக்கத்து வீட்டு அக்காவின் துண்டும் ஒட்டி இருந்தன. நடுவில் வரப்புகூடப் போடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்தே சர்க்கரைவள்ளிக் கொடி பதியம் போட்டோம். கிழங்கு வருவதற்கு முன்னாலேயே இலை சாப்பாட்டுக்கு உதவும் என்பது அக்காவின் யோசனை.

அக்கா எனக்கு ஏழெட்டு வயது மூத்தவள். ஜப்பான்காரன் காலத்தில் அவள் புருஷனை சயாம் ரயில் பாதை போடக் கூட்டிக்கொண்டு போனார்கள். உடம்பு கெட்டுத் திரும்பி வந்தவர், சின்னப் பெண் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துபோனார். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி அவளுக்கு. வேலைக்குப் போகும்போது அதைச் சுருட்டிப் பெரிய கொண்டையாகப் போட்டு, மேலே துணி கட்டிக்கொள்வாள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். வீட்டுக்காரருக்கு ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்தில் வேலை. எங்களுக்கு நாலு வயதில் ஒரு மகள்.

அந்த நாளில் அரிசி ஆளுக்கு இவ்வளவு என்று அளந்துதான் கிடைக்கும். அதில் ஒரு மணிகூட கேட்டைத் தாண்டி வெளியே போகக்கூடாது. மரம் வெட்டப் போகிறவர்கள் கட்டுச்சோறு எடுத்துப் போகக்கூடாது. சீனி போட்ட தேத்தண்ணியும் கூடாது. அவித்த கிழங்கைக் கொண்டு போனவர்களையே பிடித்து வைத்திருக்கிறார்கள். அதனால் பகல் ஒரு மணிக்கு வீடு திரும்பும்போது பசி காதை அடைக்கும். கொல்லையில் நாலு இலை பறித்து வதக்கினால்தான் தட்டில் கொஞ்சம் நிறையும்.

அந்த இலையில்தான் புழு விழுந்தது.

சாதாரணப் புழு இல்லை. என் நடுவிரல் நீளம், அதைவிடக் கொஞ்சம் தடிமன், பச்சை உடம்பு, வால் பக்கம் ஒரு சின்னக் கொம்பு. ஒரு புழு ஒரே நாளில் ஒரு கொடியை மொட்டையாக்கிவிடும். நானும் அக்காவும் வேலை முடிந்து வந்ததும் குந்தி உட்கார்ந்து பொறுக்குவோம். பொறுக்கி மண்ணெண்ணெய் டின்னில் போடுவோம். சில புழுக்களின் முதுகில் வெள்ளை வெள்ளையாக, நொய் அரிசி அளவுக்கு, குட்டி மணிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். இலையிலும் கொத்தாக இருக்கும். "முட்டை வச்சிருக்கு பாரு, இது அத்தனையும் பொரிச்சா கொல்லையே போச்சு" என்று அக்கா சொன்னாள். அந்த வாரம் முழுக்க அந்த மணிகளைத் தேடித் தேடிக் கல்லில் வைத்து நசுக்கினேன். கையே வெள்ளையாகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். கொல்லையிலிருந்து என் மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, இங்க வாயேன். புழு குட்டி போடுது!"

சிரித்துக்கொண்டேதான் போனேன். பெரிய கொம்புப் புழு ஒன்று கொடித் தண்டில் அசையாமல் இருந்தது. மகள் பக்கத்தில் குந்தி, ஒரு விரலால் அதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். நான் குனிந்தேன். புழுவின் தோலில் அங்கங்கே ஊசி முனை அளவு புள்ளிகள் புடைத்துக்கொண்டு வந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு புள்ளி கிழிந்தது. உள்ளேயிருந்து வெளுப்பான ஒரு குட்டிப் புழு தலையை நீட்டியது. பாதி உடம்பு வெளியே வந்ததும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. முதுகில், விலாவில், கால்களுக்கு மேலே என்று இருபதுக்கு மேல் இருக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் அந்த உடம்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து நெளிந்தன.

 கண்ணை எடுக்க முடியவில்லை. வெளியே வந்த ஒவ்வொன்றும் வாயிலிருந்து நூல் இழுத்துத் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ள ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை மணி ஆனது. நான் வாரம் முழுக்க நசுக்கிய அதே மணி. அப்போதுதான் தெரிந்தது, அது முட்டை இல்லை என்று. ஒரு குச்சியால் பெரிய புழுவை மெல்லத் தொட்டேன். அது தலையைத் தூக்கியது. உயிரோடு இருந்தது! உள்ளே இத்தனை பேர் தின்று முடித்த பிறகும் அது உயிரோடு, தன் முதுகில் அவர்களைச் சுமந்துகொண்டு தலையைத் தூக்கிப் பார்த்தது.

வேலி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்தாள். பார்த்ததும் அவளும் இரண்டடி பின்னால் போனாள்.

"ஐயோ, என்னடி இது கண்றாவி! எடுத்து எரிச்சுப் போடு. பிள்ளை தொட்டாளா?"

"விரலால தொட்டுட்டாக்கா."

"போய்க் கைய சவுக்காரம் போட்டுக் கழுவு."

நான்கு தடவை கழுவினேன். மகள் கை வலிக்கிறது என்று அழும் வரைக்கும் தேய்த்தேன். எனக்கு ஒரே பயம் வந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் மகளுக்கு வயிற்றில் பூச்சி என்று ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மருந்து கொடுத்து, அவள் வயிற்றிலிருந்து நீளமான புழுக்கள் வந்து விழுந்ததை நானே பார்த்திருந்தேன். அந்தப் புழுவும் இந்தப் புழுவும் என் மனதில் ஒன்றாகிவிட்டன. புழுவைத் தண்டோடு ஒடித்து ஒரு காலிப் பால் டின்னில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, வெளியே விறகுக்கு மேலே வைத்தேன். எரித்துவிட்டால் டிரஸ்ஸருக்கு எதைக் காட்டுவது என்று நினைத்தேன்.

ஆனால் மறுநாளே போகத் தோன்றவில்லை. டிரஸ்ஸர் சிரித்துவிடுவாரோ என்ற வெட்கம். அஞ்சாம் நாள் சாயங்காலம் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள்.  வீட்டுக்காரரிடம் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"காலையில மரம் வெட்ட நெரைக்குப் போற வழியில அந்த டின்ன ஆஸ்பத்திரியில கொண்டு போய்க் காட்டு. அதுக்கு ஏன் அழுவுறே?" என்றார்.

ஆஸ்பத்திரி வேலிக்கு வெளியே, புகைக்கூடத்தைத் தாண்டி இருந்தது. மறுநாள் விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, பால் வாளிக்குள் டின்னை வைத்துக்கொண்டு கேட்டில் வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் அக்கா. அவள் அன்று பேசவே இல்லை. நானும் மகளையே நினைத்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

பெண்களைச் சோதிக்க கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு அத்தாப்பு ஓலைக் கொட்டகை இருந்தது. சோதிப்பது சிரம்பான் டவுனிலிருந்து வந்த ஒரு தமிழம்மா. நல்லவள். தினமும் பார்க்கிற முகங்கள் என்பதால் இடுப்பை லேசாகத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிடுவாள். அன்று வாளியில் டின்னைப் பார்த்ததும் எடுத்தாள். குலுக்கினாள். உள்ளே எதுவோ சலசலத்தது.

"என்னது இது?"

"புழும்மா. டிரஸ்ஸருக்குக் காட்ட."

அவள் நம்பவில்லை. துணியை அவிழ்த்து அரிக்கேன் விளக்குப் பக்கம் சாய்த்தாள். அந்த மங்கல் வெளிச்சத்தில் டின்னின் அடியில் வெள்ளை வெள்ளையாக மணிகள் கிடந்தன. அவள் வாயிலிருந்து அவளை அறியாமலேயே வந்துவிட்டது.

"அரிசி!"

வெளியே நின்ற மலாய்க் காவல்காரனுக்கு அந்த ஒரு தமிழ் வார்த்தை நன்றாகத் தெரியும். "பெராஸ்? பெராஸ்!" என்று மலாயில் கத்திக்கொண்டு வந்தான். அதற்குள் அந்தம்மா டின்னுக்குள் விரலை விட்டாள். செத்துச் சுருங்கிப் போன பெரிய புழு விரலில் பட்டிருக்க வேண்டும். வீரிட்டுக் கத்தி டின்னைத் தூக்கி எறிந்தாள். விளக்கு ஆடியது. வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். யாருக்கும் என்ன நடந்தது என்று தெரியாது. 'அரிசி', 'பெராஸ்' என்ற இரண்டு சொல்தான் எல்லார் காதிலும் விழுந்தது.

கார்ப்பரல் வந்தார். இரண்டு காவல்காரர்கள் என் தோளைப் பிடித்து ஓரமாக உட்கார வைத்தார்கள். புழுவைப் போட்டு மறைத்து அரிசி கடத்துகிறார்கள் என்று அவர் நினைத்துவிட்டார் போல. வரிசையில் இருந்த ஒருத்தரையும் விடாமல் முழுசாகச் சோதிக்கச் சொன்னார். தலைத்துணியை அவிழ்க்க வேண்டும், கொண்டையையும் பிரிக்க வேண்டும் என்றார். இதுவரை அப்படிச் சோதித்ததே இல்லை.

எனக்கு அடுத்து நின்றது அக்காதான்.

"எனக்கு நேரமாச்சும்மா, வெயில் ஏறினா மரத்துல பால் இறங்காது" என்றாள். அவள் குரல் அவள் குரலாகவே இல்லை. சோதனைக்காரம்மா கொண்டையைப் பிரித்தாள். முடி அவிழ்ந்து விழுந்தது. அதோடு சேர்ந்து, இரண்டு விரல் அகலத்துக்குத் தைத்த நீளமான ஒரு துணிப்பையும் தரையில் விழுந்தது. தையல் விட்டு அரிசி சிதறியது. நொய் இல்லை, நல்ல அரிசி. அவளும் பிள்ளைகளும் சாப்பிட வேண்டிய அரிசி.

கார்ப்பரல் குனிந்து பையை எடுத்தார். அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். முடி முகத்தை மூடியிருந்தது. அதை ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டவில்லை.

"பிள்ளைங்களப் பாத்துக்க" என்றாள். அவ்வளவுதான்.

ஒரே சுவர் எங்கள் இரண்டு வீட்டுக்கும். அவள் இருமினால் எனக்குக் கேட்கும். அவள் என்ன குழம்பு வைக்கிறாள் என்று வாசத்திலேயே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவள் தன் தலையில் அரிசியை வைத்துக்கொண்டு என் பின்னால் நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை. லாரி வந்து அவளை ஏற்றிக்கொண்டு போன பிறகும் நான் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

என்னை மட்டும் கொட்டகையிலேயே வைத்திருந்தார்கள். வெயில் ஏறிய பிறகு ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி வந்தார். டிரஸ்ஸரையும் கூட்டி வந்தார்கள். யாரோ புல்லிலிருந்து டின்னையும் மணிகளையும் பொறுக்கி வந்து மேசை மேல் வைத்தார்கள். அதிகாரி ஒரு பேனாவால் மணிகளைக் கிளறினார். அப்போது ஒரு மணியின் முனை மூடி மாதிரித் திறந்தது. கறுப்பாக, எறும்பைவிடச் சின்னதாக ஒரு பூச்சி வெளியே வந்து, சிறகை உதறிக்கொண்டு, அவருடைய காகிதத்தின் மேல் நடந்தது. பின்னாலேயே இன்னொன்று. கார்ப்பரல் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அதிகாரி மட்டும் முகத்தைக் கிட்டத்தில் கொண்டு போய் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே டிரஸ்ஸரிடம் ஏதோ சொன்னார்.

"அவங்க ஊர்ல, வீட்டுத் தோட்டத்துல, முட்டைக்கோசுப் புழுவுல இதப் பாத்திருக்காராம்" என்றார் டிரஸ்ஸர். "உன்னைப் போகச் சொல்லிட்டார்."

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஒரு தாயைச் சிறையில் வைக்கக் கையெழுத்துப் போட்ட அதே கைதான் அந்தப் பூச்சியை நோகாமல் காகிதத்தோடு ஏந்திப் போய் வெளியே விட்டது. எனக்கு அதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. 

ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும்போது டிரஸ்ஸர் விளக்கினார். அது ஒரு வகைக் குளவியாம். தாய்க் குளவி புழுவின் தோலில் ஊசி குத்துகிற மாதிரிக் குத்தி உள்ளே முட்டை வைக்குமாம். குஞ்சுகள் உள்ளேயே இருந்து, உயிர்நாடியை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைத் தின்னுமாம். அதுவரைக்கும் புழு ஒன்றும் நடக்காத மாதிரி இலை தின்றுகொண்டிருக்குமாம்.

"மனுஷனுக்கு வராதா ஐயா?"

"வராதும்மா. புழுவுக்கு மட்டுந்தான். நீ நசுக்கினியே, அது உன் கொல்லையக் காப்பாத்துற பூச்சி. பிள்ளைக்கு மறுபடி வயித்துப் பூச்சிதான். மருந்து தர்றேன்."

மகளுக்கு இரண்டு நாளில் சரியாகிவிட்டது. எனக்குத்தான் சரியாகவில்லை. ஒன்றுமில்லாத ஒரு பயத்தை டின்னில் கட்டி எடுத்துப் போய் அக்காவைப் பிடித்துக் கொடுத்துவிட்டேன். லயத்தில் சிலர் நான் வேண்டுமென்றேதான் செய்தேன் என்றார்கள். குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றுவிடும். வீட்டுக்காரர் என்னிடம் சண்டை போடவில்லை. "ஒரு புழுவுக்காகவா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அக்காவின் பிள்ளைகள் இரண்டும் எங்கள் வீட்டில்தான் இருந்தன. மூத்தவளுக்குப் பத்து வயது. சாப்பிடுவாள், வேலை செய்வாள், என்னோடு மட்டும் பேசமாட்டாள். சின்னவளுக்கு மூன்று வயது. கொஞ்ச நாள் அழுதாள். பிறகு என் மகளோடு ஒட்டிக்கொண்டாள். அவள் 'அம்மா' என்று கூப்பிட்டபோது, யாரையோ கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான். மூத்தவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு நாள் பகல், வேலை விட்டு வரும்போது கேட்டுக்கு வெளியே மரத்தடியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலையில் குட்டையாக வெட்டிய முடி. கிட்டப் போகும் வரைக்கும் அடையாளம் தெரியவில்லை.

"அக்கா!"

"விட்டுட்டாங்கடி. மந்தின் டவுன்ல ஒரு சாப்பாட்டுக் கடையில பாத்திரம் கழுவுற வேலை கிடைச்சிருக்கு. தோட்டத்துக்குள்ள விடமாட்டேன்னுட்டாங்க. பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

நான் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன்.  அவளே சொன்னாள். அவள் மரம் வெட்டும் நெரையின் கடைசியில் காட்டிலிருந்து இரண்டு பேர் வந்து நின்றார்களாம். ஒருத்தன் கையில் துப்பாக்கி. வாரத்துக்கு ஒரு தடவை அரிசி வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகள் எந்த வீட்டில் தூங்குகிறார்கள் என்று தெரியும் என்றார்களாம். மூன்று தடவை கொடுத்திருக்கிறாள். பிடிபட்டது நாலாம் தடவை.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா நீயும் மாட்டிப்பே." குரலைத் தாழ்த்தினாள். "அங்க தினமும் கேட்டாங்க. வேற யாரு கொண்டு போறாங்க, பேரச் சொல்லு, சீக்கிரம் விட்டுடுறோம்னு. நான் உன் பேரச் சொல்லவே இல்ல. பயப்படாதே."

எனக்குப் புரியவில்லை. "என் பேரையா? நான் என்னக்கா பண்ணேன்?"

"நீயும் அரிசிதானே டின்னுல வச்சிருந்தே? காதால கேட்டேனே. உன்னயும் வந்து மிரட்டியிருப்பானுங்கன்னு நெனச்சேன். உனக்கும் ஒரு பிள்ளை இருக்கு. அதான் வாயத் திறக்கல."

 அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. சொன்னேன்.

"அக்கா, அது புழுக்கா. நாம கொல்லையில பாத்தமே, அதே புழு. பாப்பாவுக்கு வயித்து வலின்னு டிரஸ்ஸர்கிட்ட காட்ட எடுத்துட்டுப் போனேன்."

அக்கா கையை உருவிக்கொள்ளவில்லை. அழவும் இல்லை.  

"தண்ணி இருக்கா?" என்று கேட்டாள்.

கொடுத்தேன். குடித்துவிட்டு, மீதியை முகத்தில் அடித்துக்கொண்டாள். "நீ என்ன பண்ணுவே" என்றாள். அது கேள்வியா சமாதானமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் உள்ளே போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வந்தேன். மூத்தவள் கேட்டிலிருந்து ஓடினாள். அவ்வளவு வேகமாக ஒரு பிள்ளை ஓடி நான் பார்த்ததில்லை. சின்னவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். அந்தக் குட்டை முடிக்காரியை அவளுக்குத் தெரியவில்லை. அக்கா கூப்பிடவில்லை, கையை மட்டும் நீட்டியபடி இருந்தாள். நான் சின்னவளைத் தூக்கிக்கொண்டு போய் அவள் மடியில் வைத்தேன். அவள் என்னை நோக்கிக் கையை நீட்டி, "அம்மா, அம்மா" என்று கத்தினாள். அக்கா அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வர்றேன்னு சொல்லு" என்றாள்.

மந்தின் பஸ் வரும் சந்திப்பு வரைக்கும் அவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நானும் நடந்தேன்.  பஸ்ஸில் ஏறும்போது, என்னோடு ஒரு வருஷமாகப் பேசாத மூத்தவள் திரும்பி வந்து மூட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"வர்றேன் சின்னம்மா" என்றாள்.